சேதம் பார்க்க வந்த ஜீப்

அழுகியிருக்க வேண்டும். அதுதான் விதி. நிலத்தில் நின்ற பயிரில் பாதிக்கு மேல் அழிந்திருக்க வேண்டும். அழிந்ததை அதிகாரி ஒருவர் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்தால் நிவாரணம் உண்டு. அவர் வரும் நாளில் அங்கே அழுகல் இல்லையென்றால், அந்த நிலத்துக்கு வெள்ளமே வரவில்லை என்று அர்த்தம்.

எழுபத்தாறாம் வருஷம் நவம்பரில் அடையாறு கரை புரண்டு தெருக்களுக்குள் வந்தது. நகரத்துக்குள் தண்ணீர் வடிந்ததுமே நந்தனத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் வெள்ள நிவாரணப் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். தற்காலிக எழுத்தர் வேலைக்குப் பட்டதாரிகளை எடுத்தார்கள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு இங்கே வந்தேன். என் பெயர் குப்பம்மா, பி.ஏ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆபீஸில் யாராவது ஒருவர் இருமுவார். சிரிப்பை இருமலாக மாற்றத் தெரிந்த நாகரிகமானவர்கள்.

எங்கள் ஊர் பெருங்குடி. அப்பா விட்டுப்போன துண்டு நிலம் அம்மா வேலம்மாவின் பெயரில் இருக்கிறது. அதில் கீரை போடுவாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் கட்டுகளை ஏற்றி மயிலாப்பூர் மாட வீதிக்கு வந்து விற்றுவிட்டுத் திரும்புவாள். கீரை விற்று என்னைப் படிக்கவைத்தாள் என்று நான் உருக்கமாக எழுதப்போவதில்லை. படிக்கவைத்தாள், அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிவைக்கப் பேச்சு எடுத்தார்கள். மாமாவுக்கு என்னைப்போல் இரண்டு பங்கு வயது. நான் மாட்டேன் என்றேன். ஊரே கூடி எனக்குப் படிப்புத் திமிர் என்று தீர்ப்புச் சொன்னது. அம்மா சரி என்றாள். என் துணிமணிகளை ஒரு பையில் திணித்து என்னை பஸ் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து மயிலாப்பூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இருக்கிறேன்.

அறைக்கு நான்கு பேர். மற்ற மூவரும் திருநெல்வேலிப் பக்கம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்கள் பேசிச் சிரிக்கும் ஆட்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் யார் எவர் என்று எனக்கு விளக்கினார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நல்ல பெண்கள்தான். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தமாட்டார்கள். நான் வந்ததே தெரியாது.

மாட வீதிக்குப் போய் அம்மாவைப் பார்க்கலாமே என்றால், அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்து நிக்கிற? ஆபீசு போற பொண்ணுக்குக் கீரக்காரியாண்ட இன்னா பேச்சு? போ, போ, யார்னா பாக்கப் போறாங்க."

பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிறவளிடம் நான் யாரோ வாடிக்கை என்று சொல்லிவைத்திருந்தாள். ஒருநாள் அந்தப் பெண் என்னிடம், "இந்தாம்மா, எதுத்தாப்பல கீற கீரய வாங்கிடாதீங்க, எங்க வேலம்மா கீரதான் சுத்தம்" என்று சிபாரிசு செய்தாள். நான் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். விடுதியில் சமைக்க அனுமதி இல்லை. அதை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

கோபாலபுரத்தைத் தாண்டி ஒரு சந்தில், ஹாஜிரா பீ என்கிற அம்மாளின் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு மேடை, தெருவைப் பார்த்த ஜன்னல். தனியாகப் போய்க் கேட்டபோது ஹாஜிரா பீ கதவைப் பாதி மட்டும் திறந்தாள். உருது பேசுகிறவள், மகளே என்பதைப் பேட்டி என்பாள்.

"தனிப் பொண்ணுக்கு மாடி தர மாட்டேன் பேட்டி. உன் மேல குத்தமில்ல. தெரு வாயி சும்மா இருக்காது. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்போ அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா. அவங்களும் இங்கேயே இருக்கட்டும். இன்னைக்கே சாவி தரேன்."

முன்பணத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். வருஷக் கடைசி வரை யாருக்கும் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். இதெல்லாம் வெள்ளத்துக்கு முன்பே நடந்தது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மழை வந்தது.

மழை விட்டு, நிவாரண ஆபீஸில் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெருங்குடிக்குப் போனேன். எங்கள் நிலம் எது, பள்ளிக்கரணைச் சதுப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. பாத்தி, வரப்பு எல்லாம் தண்ணீருக்குள். ஓரத்தில் கீரைத் தண்டுகள் சளியைப்போல் கரைந்து மிதந்தன. அம்மா வீட்டு வாசலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ தைரியம்தான்.

"அம்மா, இதை விட்டுட்டு என்கூட வந்துடேன். ரூம் பாத்து வெச்சிருக்கேன். முன்பணம் மட்டும்தான் குடுக்கணும்."

"துட்டுக்கு எங்க போறது?"

"நிவாரணம் தரப்போறாங்க. நம்ம நிலத்துக்கும் உண்டு. அந்த ஆபீஸ்லதான் எனக்கே வேலை."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கவர்மெண்டு நம்ம கையில துட்டு குடுக்குமா?"

"குடுக்கும்."

"குடுத்தா வரேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகமும் எனக்குத் தோன்றவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம், அந்த அறையில் அம்மாவின் பாயை எந்தப் பக்கம் போடுவது, ஜன்னலுக்கு எந்தத் துணியைத் திரை கட்டுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து போனால் கதவைத் திறக்க ஒரு ஆள் இருக்கும். அன்று ஆபீஸில் யார் இருமினார் என்று சொன்னால், அம்மா அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டுவாள். எனக்கு அது போதும்.

அடுத்த வாரம் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் தணிகாசலம் ஆபீஸுக்கே வந்துவிட்டார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அட, குப்பு! கவர்மெண்டு சேர்ல குந்திகினு கீறியே! காத்தாடி வேற சுத்துது! உங்கப்பன் பார்த்திருக்கணும்மா."

"சத்தம் போடாதீங்க சித்தப்பா. என்ன வேணும்?"

"துட்டு குடுக்கறாங்களாமே. நாங்க இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் நிலத்தைத் தொடாதீங்க. ஏர் ஓட்டாதீங்க, விதைக்காதீங்க, அழுகினதை வாரிக் கொட்டாதீங்க. அப்படியே கிடக்கட்டும்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "இன்னாடா கவர்மெண்டு கஷ்டமா எதுனா கேக்கும்னு பயந்துகினே வந்தேன். சும்மா கெடக்கணும், அம்மாந்தானே? உங்க சித்தி முப்பது வருசமா இதுக்குத்தான் என்னைத் திட்டிகினு கீறா. இன்னிக்கே போய் சொல்றேன், கவர்மெண்டு ஆர்டருன்னு."

"எங்கம்மாகிட்டயும் சொல்லுங்க. மறக்காம சொல்லுங்க."

"உன் வார்த்தைய மறப்பனா?" என்று சொல்லிவிட்டு, காற்றாடிக்குக் கீழே இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

எங்கள் பிரிவில் சேதம் பார்க்கும் அதிகாரி சுப்பராமன். மயிலாப்பூர்க்காரர். ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை எந்த வம்பிலும் மாட்டாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று வெளிப்படையாகவே சொல்வார். எமர்ஜென்சி காலம், கண்ணால் பாராததைக் கண்டதாக எழுதினால் வேலை போகும் என்று எல்லோருக்கும் பயம். என் பெயரைச் சொல்லும்போது அவர் இருமமாட்டார். அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை. பெருங்குடிப் பக்கம் போகும் நாளன்று, பெயர்களைச் சரிபார்க்க என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். வேலம்மா யார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

ஜீப் மகாபலிபுரம் சாலையில் நின்றது. சுப்பராமன் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். "இந்தச் சேத்துல இறங்கிட்டு வந்தா ஆத்துல உள்ளயே விடமாட்டா. கொல்லைப்பக்கமா வாங்கோங்கறா" என்று முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் நடந்தார்.

முதலில் தணிகாசலத்தின் நிலம். அபாரமாக அழுகியிருந்தது. நாற்றம் சாலை வரைக்கும் வந்தது. அவர் வரப்பில் நின்றுகொண்டு, தன் வீட்டில் செத்தவரைக் காட்டுவதுபோல் கை நீட்டிக் காட்டினார். சுப்பராமன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முழுச் சேதம்" என்றார். நான் எழுதினேன்.

அடுத்தது எங்களுடையது. தென்னை மரத்தைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன்.

பாத்திகள் கோடு போட்டதுபோல் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. வெள்ளம் விட்டுப்போன வண்டல் கறுப்பாகப் பளபளத்தது. அதன் மேல் விரல் உயரத்துக்கு, ஒரு இடம் விடாமல், முளைக்கீரை. நான் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த அந்த நிலத்தில் இவ்வளவு நெருக்கமாகக் கீரை முளைத்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா கடைசிப் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாம்மா. சாப்ட்டியா?" என்றாள்.

சுப்பராமன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றார். அப்புறம் பாத்திகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "என்னம்மா இது, ஊரெல்லாம் காத்துண்டிருக்கா, நீங்க இப்படிப் பண்ணிட்டேளே! பச்சையா நிக்கற பயிரை எப்படிச் சேதம்னு எழுதறது?"

"ஏன் சார், வெள்ளம் வந்தது உண்மைதானே?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "பக்கத்து நிலம் முழுகும்போது இது மட்டும் மேல மிதந்துச்சா? ஒழுங்கா வேலை செஞ்சவளுக்கு ஒண்ணுமில்லை, கையைக் கட்டிக்கிட்டு நின்னவருக்குப் பணம். இது என்ன சார் விதி?"

"நான் போட்ட விதியா? என்கிட்ட கோவிச்சுக்கறேளே." அவருக்கு என் மேல் கோபமில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்கோ. நான் இன்னும் இதை எழுதலை. நாளைக்கு பள்ளிக்கரணை முடிச்சுண்டு இந்தப் பக்கமாத்தான் திரும்பறேன். அப்போ இங்க பச்சை தெரியலைன்னா, நான் பார்த்தது சேதம். என்ன பார்த்தேனோ அதை எழுதிட்டுப் போறேன். நீங்க ராத்திரி இங்கேயே தங்குங்கோ. அம்மாகிட்டப் பேசுங்கோ."

அவர் ஜீப்பில் ஏறிப் போனார். தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். நான் அவர் மேல் பாய்ந்தேன்.

"சொல்லச் சொன்னேனே சித்தப்பா! மறந்துட்டீங்களா?"

"ஐய, இன்னாம்மா நீ! ரெண்டு தபா சொன்னேன். உங்கம்மாளையே கேளு. சொன்ன மறுநாளே மம்முட்டிய தூக்கிகினு எறங்கிச்சி. தண்ணி கூட முழுசா வடியல. நானே கேட்டேன், 'இன்னாக்கா, படிச்ச பொண்ணு சொல்லி அனுப்பிகீது, நீ பாட்டுக்கு வெதச்சிகினு கீறியே'ன்னு. 'உன் வேலயப் பாருடா'ன்னுச்சி. எனக்குத்தான் வேலயே கெடயாதே."

அவர் போனதும் நான் அம்மாவின் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். அவள் களை பறிப்பதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சேதான் விதைச்சியா?"

"ஆமா."

"முன்பணத்துக்கு மட்டும்தான் கேக்கறேன். இந்த ஒரு நாள்தான் இருக்கு. இதை எல்லாம் பிடுங்கிப் போட்டா போதும். நாளைக்கு அவர் எழுதிடுவார். நீ என்கூட வரலாம்."

"வரமாட்டேன் குப்பு."

"குடுத்தா வரேன்னு சொன்னியே."

"குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சி சொன்னேன்." அம்மா கையிலிருந்த களையை உதறினாள். "கவர்மெண்டு என்னிக்கி நமக்குக் குடுத்துகீது? உன் மூஞ்சப் பாத்து வரமாட்டேன்னு சொல்ல வாய் வரல. அதான் அப்டி சொன்னேன். நீ நெசமாவே துட்ட வாங்கிக் குடுத்துருவேன்னு அந்த தணிகாசலம் வந்து சொன்னப்பதான் எனக்குத் திக்குன்னுச்சி."

நான் வாய் திறந்தபோது வந்தது சண்டைதான்.

"இங்க என்ன இருக்கு உனக்கு? மாமா உன்கூடப் பேசறதில்ல. ஊர்ல யாரும் உன்னைக் கூப்பிடறதில்ல. என்னாலதானே? இந்தச் சேத்துல தனியா கிடந்து சாவறதுக்கு அங்க வந்து என்கூட இருக்கக் கூடாதா?"

"அங்க வந்து இன்னா செய்வேன்? நீ காலைல போயிட்டா பொழுதன்னிக்கும் செவுத்தப் பார்த்துகினு குந்தியிருக்கணும். உன் ஆபீசு ஆளுங்க வந்தா உள்ள போய் ஒளிஞ்சிக்கணும்."

"ஒளியச் சொல்லி யாரும் சொல்லல!"

"நீ சொல்லமாட்ட. நானே ஒளிஞ்சிப்பேன்." அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தொணை வோணும்னா நல்லவனாப் பார்த்துக் கட்டிக்கோ. மாமன வேணாம்ன, சரின்னேன். வேற எவன காட்னாலும் சரின்றேன். என்னைத் தொணைக்கு இட்டுகினு போவாத."

நான் எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் பாத்திக்குள் ஒரு காலை வைத்தேன். வண்டல் சில்லென்று கணுக்கால் வரை ஏறியது. காலடியில் ஒரு கைப்பிடிக் கீரை நசுங்கியது.

அம்மா தடுக்கவில்லை. "மிதி," என்றாள். "மிதிச்சிட்டுப் போ. நாளான்னிக்கு மறுபடியும் தூவிடறேன். வெதை கீது."

அவள் மிரட்டவில்லை. நாளை பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். எல்லாப் பாத்தியையும் மிதித்துக் கூழாக்கலாம். பணம் வரும். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஹாஜிரா பீ வீட்டுக் கதவை நான் ஒருத்திதான் தட்ட வேண்டும். காலை எடுத்துவிட்டேன். கீரைக்காக இரக்கப்பட்டு எடுக்கவில்லை. மிதித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி அங்கே தங்கினேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். படுக்கும்போது என் காலில் காய்ந்திருந்த சேற்றை ஈரத்துணியால் அவளே துடைத்துவிட்டாள். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. சுப்பராமன் இந்த முறை காலணியைக் கழற்றவே இல்லை. சாலையிலிருந்தே பார்த்தார்.

"என்ன மிஸ் குப்பம்மா, அப்படியே நிக்கறதே?"

"பச்சையாத்தான் சார் இருக்கு. சேதம் இல்லைன்னு எழுதிடுங்க."

"அசடா இருக்கேளே. அடுத்த வாரம் ஃபைல் மேல போயிடும். அப்புறம் கேட்டா முடியாது."

"கேக்க மாட்டேன் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு என்னிடமே நீட்டினார். மற்றவர்களுடையதை எழுதிய அதே கையால் வேலம்மா என்ற பெயருக்கு நேரே 'சேதம் இல்லை' என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் திரும்பும் வழியில் அவர் தன் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் ம் கொட்டினேன். அடையாறு பாலத்தில் ஜீப் போகும்போது கீழே ஆறு ஒன்றும் நடக்காததுபோல் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் நேராக ஹாஜிரா பீ வீட்டுக்குப் போனேன். அவள் இந்த முறை கதவை முழுதாகத் திறந்தாள்.

"வா பேட்டி. அம்மா எப்போ வர்றாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று ஓட்டியிருக்கலாம்.

"வரமாட்டாங்க. நான் மட்டும்தான்."

அவள் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. "அரே... நான் வெள்ளை அடிச்சு வெச்சிருக்கேனே."

"தனியா இருந்தா என்ன? நான் வேலைக்குப் போறேன், வாடகை குடுக்கறேன். இதுல தெருவுக்கு என்ன வந்தது?"

"நீ சொல்றது சரி. தெருகிட்ட நீ சொல்லு பாக்கலாம். நான் பேவா, தனியா இருக்கிறேன். என்னையே எத்தினி பேசறாங்க தெரியுமா? உன்னையும் வெச்சிக்கிட்டு என்னாலே ஆகாது. கோவிச்சுக்காதே."

புருஷனை இழந்த அவளும் என்னைப்போலத் தனி ஆள்தான். அது அவளுக்கும் தெரியும்.

"ஒரு தடவை ரூமைப் பாத்துட்டுப் போறேன்," என்றேன்.

சாவியைக் கொடுத்தாள். மாடி ஏறினேன். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. தரையில் இரண்டு மூன்று வெள்ளைச் சொட்டுகள். பாய் போடலாம் என்று நான் நினைத்திருந்த சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே சுவர். ஜன்னல் பக்கம் திரும்பினால் எதிர்வீட்டு மொட்டைச் சுவர், அதற்கு மேல் கொஞ்சம் வானம். காலை ஒன்பது மணிக்கு நான் இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு போவேன். ஆறரைக்குத் திரும்புவேன். அதுவரை அம்மா இங்கே, இந்த இடத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த அறையில் நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். அவள் பகலில் என்ன செய்வாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கீழே ஹாஜிரா பீ யாருடனோ உருதுவில் பேசும் சத்தம் கேட்டது. அது என்னைப் பற்றியும் இருக்கலாம், பால் விலையைப் பற்றியும் இருக்கலாம். இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் போட எனக்கு உரிமை இல்லை. பிறகு ஜன்னலைச் சாத்தினேன், கதவைப் பூட்டினேன், சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு விடுதிக்கு நடந்தேன். அங்கே மூன்று பேரும் ஏதோ ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கட்டிலின் மேல் கிடந்த தங்கள் துணிகளை எடுத்து நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள்.